மழைக்கும் கிணற்றுக்கும் நடுவே

வடசென்னையில் ஏழுகிணறு என்று ஒரு பகுதி உண்டு. இன்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அது நெரிசலான ஓர் இடம், ஒரு தெருப்பெயர்; அவ்வளவுதான். புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிதண்ணீர் அனுப்புவதற்காக 1772-இல் அங்கே அமைத்த கிணறுகளால் வந்த பெயர் அது. மதராஸின் முதல் முறையான குடிநீர்த் திட்டம் அதுதான். அந்தத் திட்டத்துக்குப் பின்னால் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை, அணையும் இல்லை. கடலோரத்து மணல் இருந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிய மழையை மணல் குடித்து வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் இறைத்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தது.

கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீருக்குக் கணக்கு வைப்பது சுலபம். அன்றைக்கு வாளியை எண்ணலாம். இன்றைக்கு மீட்டர் பொருத்தலாம். மண்ணுக்குள் போன தண்ணீருக்கு என்ன கணக்கு? பெய்த மழையில் எத்தனை பங்கு கீழே இறங்கியது, எத்தனை நாளில் இறங்கியது, இறங்கியது எங்கே போய்ச் சேர்ந்தது? சம்பளம் எவ்வளவு என்று தெரியாமலே செலவு செய்கிற குடும்பத்தைப் போல் பல நகரங்கள் நிலத்தடி நீரைச் செலவழித்து வந்திருக்கின்றன. இன்றைய பேச்சு அந்த வரவுப் பக்கத்தைப் பற்றியது. இயற்கை தானாக வரவு வைப்பது ஒரு வகை. மனிதர்கள் குளம் வெட்டியும் தடுப்பணை கட்டியும் குழாய் இறக்கியும் வைப்பது இன்னொரு வகை. இரண்டையும் அளப்பதற்கு உள்ள வழிகளும், அளக்காததால் வந்த வினைகளும் இதில் வரும்.

மழைதான் ஊற்றுக்கு மூலம் என்பது இன்று பள்ளிப் பாடம். 350 ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவின் பெரிய படிப்பாளிகளே அதை நம்பவில்லை. கடல் நீர் பூமிக்கு அடியிலுள்ள குகைகள் வழியாக மலைகளுக்குள் ஏறி, உப்பை வழியிலேயே விட்டுவிட்டு, ஊற்றாக வெளிப்படுகிறது என்று அதநாசியுஸ் கிர்ஹர் என்ற பாதிரியார் 1665-இல் படம் போட்டே விளக்கியிருந்தார். இத்தனை ஆறுகள் ஓட மழை மட்டும் போதாது என்பது அந்தக் காலத்து வாதம்.

போதுமா, போதாதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் பியேர் பெரோ. சிண்டரெல்லா கதையை எழுதிய சார்ல் பெரோவின் அண்ணன். வரி வசூல் உத்தியோகம் பார்த்தவர். செய்ன் ஆறு பிறக்கும் மேட்டுப் பகுதியில் ஓராண்டு பெய்யும் மழையையும் ஆற்றில் ஓராண்டு ஓடும் நீரையும் கணக்கிட்டார். மழை, ஆற்றைப்போல் ஆறு மடங்கு இருந்தது. 1674-இல் அதை நூலாக அச்சிட்டார். அதே காலத்தில் எத்ம் மரியோத் என்ற அறிஞர், பாரிஸ் வானாய்வுக்கூடத்தின் நிலவறைக்குள் ஒழுகும் நீரைக் கவனித்தார். மேலே மழை வலுத்தால் கீழே ஒழுக்கு கூடியது; மழை விட்டுப் போனால் ஒழுக்கும் இளைத்தது. நிலத்தடி நீரியல் என்ற படிப்பு ஒரு வரி அதிகாரியின் கூட்டல் கழித்தலிலும் ஒரு நிலவறையின் ஒழுக்கிலும் தொடங்கியது.

தமிழ்நாட்டு விவசாயிக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஏரி நிரம்பினால் ஆயக்கட்டுக் கிணறு ஊறும் என்பது ஏரிக்கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்தது. வறண்டு கிடக்கும் ஆற்று மணலில் கையால் பள்ளம் பறித்து, அடியில் கசிந்து கூடும் நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்கள், ஆறு மேலே ஓடாவிட்டாலும் கீழே ஓடும் என்று அறிந்தவர்கள். ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்களைக் கட்டிக் காத்த நாட்டில், நீர் இறங்கும் என்ற அறிவுக்குக் குறைவு இருந்ததில்லை. எவ்வளவு இறங்கும் என்ற கேள்வி நகரங்கள் வளர்ந்த பிறகு வந்தது.

சென்னைக்கு அந்தக் கேள்வி 1960-களில் வந்தது. 1872 முதல் செங்குன்றம் ஏரியும், 1944 முதல் பூண்டி நீர்த்தேக்கமும் நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்து வந்தன. மக்கள் பெருகினார்கள், மணலியில் பெரிய ஆலைகள் வந்தன. ஏரி நீர் போதாது என்ற நிலையில், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1966 முதல் 1969 வரை நகருக்கு வடக்கே ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகிய இரண்டின் வடிநிலங்களைத் துளைத்துப் பார்த்தார்கள். மணலும் சரளையும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த பூமி அது. பழைய ஆறுகள் தடம் மாறியபோது விட்டுப்போன மணற்பாதைகள் அடியில் புதைந்து கிடந்தன. அவற்றில் நிறையத் தண்ணீர் இருந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்று வயல்கள் எழுந்தன. பின்னாளில் பூண்டி, கன்னிகைப்பேர் ஆகியவையும் சேர்ந்தன. வயல் என்றால் நெல்வயல் போலத்தான்: வரிசை வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள், இராப்பகலாக மோட்டார்.

மீஞ்சூர் கடலுக்கு அருகில் இருந்தது. அங்கேதான் கதை திரும்பியது.

கடலோர மண்ணுக்குள் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்பதைப் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு டச்சுப் படைப்பொறியாளரும், சிறிது பின்னால் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். உப்பு நீர் கொஞ்சம் கனம். நல்ல நீர் கொஞ்சம் இலேசு. அதனால் நல்ல நீர், எண்ணெய் மிதப்பதுபோல், உப்பு நீரின் மேல் மிதக்கிறது. அவர்கள் சொன்ன விகிதம் ஒன்றுக்கு நாற்பது. கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நல்ல நீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் வயிறு கலங்கும்: மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஒரே ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு 40 மீட்டர் ஏறி வரும்.

மீஞ்சூர்ப் பக்கம் 1969-இல் கடலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்பு நீரின் எல்லை, 1980-களின் கடைசியில் சுமார் 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. மழை நின்றுபோனதால் வந்த வினை இல்லை இது. மழை வழக்கம்போல் வரவு வைத்தது. செலவு அதைத் தாண்டியது. நகரக் குழாயும் ஆலைகளும் விவசாய மோட்டார்களும் ஒரே மணலிலிருந்து எடுத்தன. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென்று நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல் வந்தது. அதற்குள் பல கிணறுகளின் தண்ணீர் வாயில் வைக்க முடியாததாகிவிட்டது.

வரவை முன்பே சரியாக அளந்திருந்தால்? அளப்பது எப்படி என்று பார்க்கலாம்.

முதல் வழிக்கு ஓர் அளவுநாடாவும் ஒரு சாக்பீஸும் போதும். மாநில நீர்வளத்துறையும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஊர் ஊராகக் கண்காணிப்புக் கிணறுகள் வைத்திருக்கின்றன. அளக்க வருகிற ஊழியர் கிணற்றின் விளிம்பில் பெயின்ட் அடித்த ஒரு புள்ளியைத் தேடுவார். எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும். எஃகு நாடாவின் அடிப்பகுதியில் சாக்பீஸைத் தேய்த்து மெதுவாக உள்ளே விடுவார். நுனி நீருக்குள் முங்கியதும் ஒரு முழு மீட்டர் குறியைப் புள்ளியோடு பொருத்திப் பிடித்துவிட்டு மேலே இழுப்பார். சாக்பீஸ் எதுவரை நனைந்து நிறம் மாறியிருக்கிறதோ அதைப் படித்து, பிடித்த அளவிலிருந்து கழிப்பார். நோட்டில் ஓர் எண் ஏறும். பக்கத்தில் மோட்டார் ஓடினால் அதை நிறுத்திவிட்டு, நீர்மட்டம் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கிணற்றுக்குப் பத்து நிமிட வேலை. அதைப் பல ஆண்டுகள் விடாமல் செய்தால் தகவல் சொத்தாகிறது.

பருவமழைக்கு முன்னால் ஓர் எண், பின்னால் ஓர் எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீர்மட்டம் ஏறிய அளவு. அந்த உயரம் முழுவதும் தண்ணீர் இல்லை; மண்துகள்களும் இடையிடையே நீரும். ஒரு கன மீட்டர் மண்ணை வடியவிட்டால் எவ்வளவு நீர் வெளியே வரும் என்பது மண்ணுக்கு மண் மாறும். இந்தியாவில் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-இல் வகுத்த அளவுகோலின்படி, மணற்பாங்கான வண்டலுக்கு 16 விழுக்காடு; களிமண் கலந்த வண்டலுக்கு 6; கருங்கல் பூமியின் சிதைந்த மேலடுக்குக்கு 1.5 முதல் 3 வரை. ஆக, மணல் பூமியில் கிணறு 1 மீட்டர் ஏறினால் 160 மில்லிமீட்டர் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கருங்கல் பூமியில் அதே 1 மீட்டருக்குச் சேர்ந்தது 15 மில்லிமீட்டராகவும் இருக்கலாம். கொங்கு நாட்டுக் கிணறு நாலு நாள் மழையில் மளமளவென்று ஏறுவதும், நாலு நாள் இறைப்பில் மளமளவென்று இறங்குவதும் இதனால்தான். கிணறு ஏறியதைப் பார்த்து மகிழ்கிற ஊரில், எந்த மண்ணில் ஏறியது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்திலேயே இறைத்த நீரையும் இந்தக் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது வரவைக் குறைத்துக் காட்டும்.

இரண்டாவது வழி உப்பை வைத்துப் பார்ப்பது. மழைநீரிலும் சிறிது குளோரைடு உண்டு. நீர் ஆவியாகும்போதும் செடி அதை உறிஞ்சும்போதும் குளோரைடு பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது. மண்ணில் மிஞ்சி இறங்கும் நீர் அந்த அளவுக்குக் கெட்டிப்படுகிறது. மழையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம், நிலத்தடி நீரில் 50 மில்லிகிராம் என்றால் பத்தில் ஒரு பங்குதான் கீழே வந்திருக்கிறது என்று பொருள். 1,000 மில்லிமீட்டர் மழையில் 100 மில்லிமீட்டர். குழம்பு எவ்வளவு சுண்டியது என்பதை உப்பை வைத்துச் சொல்வது போன்ற கணக்கு. கடல் நீர் கலந்த இடத்திலும், சாக்கடை கலந்த இடத்திலும், உரம் கொட்டிய வயலிலும் இது பலிக்காது. மீஞ்சூரில் இந்த முறையைப் போட்டால் விடை தப்பும்.

மூன்றாவது வழி நீருக்கே அடையாளம் வைப்பது. டிரிடியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம், 12.3 ஆண்டில் பாதியாகத் தேயும். மழைக்காலத்துக்கு முன்னால் அதை மண்ணுக்குள் சிறிதளவு செலுத்திவிட்டு, மழை முடிந்ததும் அதே இடத்தில் மண்ணைத் துளைத்து அடுக்கடுக்காக எடுத்துப் பார்ப்பார்கள். செலுத்திய ஆழத்துக்கும் அடையாளம் இறங்கிய ஆழத்துக்கும் நடுவே தங்கியிருக்கும் ஈரம் அந்த ஆண்டின் வரவு. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் நாட்டின் பல வகைப் பாறைப் பகுதிகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறது. கதிரியக்கம் இல்லாத அடையாளங்களும் உண்டு. வெயிலில் மாதக்கணக்கில் கிடந்து ஆவியான ஏரி நீரில் கனமான ஆக்சிஜன், கனமான ஹைட்ரஜன் ஆகியவற்றின் பங்கு கூடிவிடும். கிணற்று நீரைச் சோதனைக்கூடத்தில் கொடுத்தால், அது நேரே இறங்கிய மழையா, ஏரியில் தங்கிக் கசிந்ததா என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஏரிக்கும் தன் கிணற்றுக்கும் சம்பந்தமில்லை என்று வாதாடுபவருக்கு இதைவிடப் பொறுமையான சாட்சி கிடையாது.

ஏரியின் கசிவுக்கும் அரசுக் கணக்கில் ஓர் அளவு இருக்கிறது: நீர் பரவியிருக்கும் சராசரிப் பரப்பில், நாள் ஒன்றுக்கு 1.4 மில்லிமீட்டர். பார்க்க அற்பமான எண். 50 ஹெக்டேர் ஏரியில் 120 நாள் தண்ணீர் நின்றால் அது 84,000 கன மீட்டர், அதாவது 8 கோடியே 40 லட்சம் லிட்டர். ஏரியைத் தூர்த்துப் பேருந்து நிலையமும் குடியிருப்பும் கட்டியபோது, பாசனம் போனது என்று மட்டும் எழுதிக்கொண்டோம். இந்த 1.4 மில்லிமீட்டரை யாரும் எழுதவில்லை.

இனி மனிதர் வைக்கும் வரவு.

சென்னையில் அதற்கு ஒரு பெரிய சோதனை நடந்தது. கடும் வறட்சியின் நடுவே, 2003-இல், தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதற்கு முந்தைய ஆண்டே மந்தைவெளியில், இதற்கென்று மழை மையம் ஒன்று திறந்து மக்களுக்கு வழிகாட்டத் தொடங்கியிருந்தது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில், ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் பெய்யும் சென்னை மழையில், 1,40,000 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கைச் சேதாரமாகக் கழித்தாலும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுப்படி, நாலு பேர் குடும்பத்துக்கு ஏறக்குறைய ஏழு மாதத்துக்குக் காணும்.

இதுவரை காகிதக் கணக்கு. அந்த நீர் கீழே இறங்குமா என்பதைத் தீர்மானிப்பது மொட்டைமாடி இல்லை, அடியிலிருக்கும் பூமி. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணல். அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் சில அடி மண்ணுக்குக் கீழே கருங்கல். அந்தக் கருங்கல்லுக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைக்குப் பல்லாவரம் பக்கத்துக் கல் போயிருந்தது. பின்னாளில் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் சூட்டினார். மதிப்பீட்டுக் குழுவின் அளவுகோல்படி கிழக்குக் கடற்கரை வண்டலில் மழையில் 16 விழுக்காடு கீழே இறங்கும், சார்னோகைட்டில் 5. அதே 1,400 மில்லிமீட்டர் மழை ஒரு பக்கம் 224, இன்னொரு பக்கம் 70 மில்லிமீட்டராகிறது. பத்து நிமிடத்தில் ஆட்டோவில் போய்விடக்கூடிய இரண்டு பேட்டைகளுக்குள் மூன்று மடங்கு வித்தியாசம். தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் மூடியது போக மிச்சம் இன்னும் குறைவு.

மணலில் ஒரு மீட்டர் குழி போதும். களிமண்ணில் அந்தக் குழி தொட்டிபோல் நிரம்பி நிற்கும். அங்கே களிமண்ணைத் துளைத்துக்கொண்டு அடியிலுள்ள மணல்வரை போகிற உறைகிணறோ குழாயோ வேண்டும். 2003-இன் அவசரத்தில் பல வீடுகளில் ஒரே அளவுக் குழி, ஒரே அளவு ஜல்லி. அப்படிப்பட்ட ஓர் அடுக்ககக் குழியின் மூடியைப் பத்து ஆண்டு கழித்துத் திறந்தால் என்ன இருக்கும் என்பது பிளம்பர்களுக்குத் தெரியும். மேலே காய்ந்த இலையும் பால் பாக்கெட் உறையும். அதன் கீழே மொட்டைமாடிச் சுண்ணாம்பும் தூசும் சேர்ந்து அடை தட்டியதுபோல் ஒரு சாம்பல் படலம். கடப்பாறையால் குத்தினால் ஏடாகப் பெயரும். அதற்குக் கீழே ஜல்லி புத்தம் புதிதாக இருக்கும். அதுவரை தண்ணீர் போனால்தானே அழுக்காகும்.

இந்தப் படலம் சென்னைக்கு மட்டும் உரியதில்லை. உலகில் எங்கே நீரை மண்ணுக்குள் அனுப்பினாலும் முதல் எதிரி அடைப்புதான். கலங்கல் நீரின் நுண்மண், பாசி, நுண்ணுயிர்ப் படலம், குழாய் வழியே நுழையும் காற்றுக் குமிழி எல்லாம் சேர்ந்து மண்ணின் துளைகளை மூடுகின்றன. அதனால் இயற்கை வரவை அளப்பதைவிடச் செயற்கை வரவை அளப்பது அவசரமானது. மழை அடுத்த ஆண்டும் பெய்யும். குழி அடுத்த ஆண்டும் குடிக்குமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2003-க்குப் பிறகு சென்னைக் கிணறுகள் ஏறின. மழைநீர் சேகரிப்பின் வெற்றி என்று பலர் எழுதினார்கள். 2005-இல் நகரம் வெள்ளக்காடாகும் அளவுக்கு மழை கொட்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏறியதில் எத்தனை அடி குழியால், எத்தனை அடி வானத்தால்? பிரித்துச் சொல்ல வேண்டுமானால், குழி உள்ள தெருவிலும் இல்லாத தெருவிலும், ஒரே வகை மண்ணில், முன்னும் பின்னும் பல ஆண்டுகள் அளந்த கிணறுகள் வேண்டும். அந்த வகைக் கணக்கு ஆரணியாற்றில் பாலேஸ்வரம் தடுப்பணையைச் சுற்றி நடந்தது. அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அணைக்கு அருகிலும் தொலைவிலும் உள்ள கிணறுகளை மாதாமாதம் அளந்து, நீரின் உப்பையும் பார்த்தார்கள். அருகிலுள்ள கிணறுகளில் மட்டமும் ஏறியது, உப்பும் குறைந்தது. எவ்வளவு தூரத்துக்கு இந்தப் பலன் போகிறது என்பதும் அதிலிருந்து தெரிந்தது. அடுத்த அணையை எங்கே கட்டலாம் என்பவருக்கு அந்தத் தூரம் தேவை.

மீஞ்சூரின் நோய் கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்ட்டிக்கும் வந்தது. அங்கேயும் கடலோரத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்ததால், பழைய ஆற்றுப் பள்ளம் ஒன்றின் வழியாக உப்பு உள்ளே நுழைந்தது. 1933-இல் அமைந்த அந்த மாவட்ட நீர் நிறுவனம் 1970-களில் ஒரு காரியம் செய்தது. கடலுக்கும் கிணறுகளுக்கும் நடுவே வரிசையாகக் குழாய்க் கிணறுகள் இறக்கி, தூய்மைப்படுத்திய கழிவு நீரை அவற்றின் வழியே உள்ளே செலுத்தியது. மண்ணுக்குள் நல்ல நீரால் ஒரு மேடு எழுந்தது. உப்பு அதைத் தாண்டி வர முடியவில்லை. 2008-இல் அது பெரிய திட்டமாக வளர்ந்தது. வீட்டுக் கழிவு நீரை நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டம் கடத்தி, ஒரு பங்கைக் கடலோர அரணுக்கும் மறு பங்கை உள்நாட்டுக் கசிவுக் குளங்களுக்கும் அனுப்புகிறார்கள். 2023-இல் அதன் திறன் நாளொன்றுக்குச் சுமார் 49 கோடி லிட்டராக உயர்ந்தது. குளங்களின் அடியில் படலம் கட்டினால், நீரை வடித்துவிட்டு இயந்திரத்தால் சுரண்டுகிறார்கள். எந்தக் குளம் நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கிறது என்று அளந்துகொண்டே இருப்பதால், எப்போது சுரண்ட வேண்டும் என்பது தெரிகிறது.

ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடலோர மணற்குன்றுகளின் அடியிலிருந்து குடிநீர் எடுத்து வருகிறது. மழை வைத்த வரவைவிட எடுப்பு கூடியதும் அங்கேயும் உப்பு மேலேறியது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவந்து, முதலில் தெளிவாக்கிவிட்டு, குன்றுகளுக்கு நடுவே வெட்டிய கால்வாய்களில் விடுகிறார்கள். அது வாரக்கணக்கில் மணலுக்குள் நடந்து, கிருமிகளை இழந்து, மறுபக்கம் வருகிறது. பெர்லினில் ஏரிக்கரையையும் ஆற்றங்கரையையும் ஒட்டிக் கிணறு வெட்டி இறைக்கிறார்கள். ஏரி நீர் கரை மண் வழியாக வடிகட்டிக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. நகரக் குடிநீரில் பாதிக்கு மேல் இப்படி வருவது. நம் ஊர் ஆற்று ஊற்றின் பெரிய உருவம் என்று சொல்லலாம். கூடவே, மருந்துக் கழிவு மண்ணைத் தாண்டி வருகிறதா என்று சோதிக்கும் ஆய்வுக்கூடமும் உண்டு.

தரம் தனிப் பேச்சு. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மொட்டைமாடி நீரும் தெருவில் ஓடும் நீரும் ஒன்றில்லை. பெட்ரோலும் சாக்கடையும் கலந்த தெருநீரை உறைகிணறு வழியாக நேரே மணலுக்குள் விட்டால், மண் வடிகட்ட இடமே இருக்காது. நிலத்தடி நீர் நகரும் வேகம் பல இடங்களில் நாளுக்குச் சில அடிகூட இல்லை. உள்ளே போன அழுக்கு வெளியே வரத் தலைமுறை ஆகும்.

தமிழ்நாட்டில் இப்போது நடக்கிற பெரிய சோதனை மேற்கே இருக்கிறது. பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கியது. பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி-யை நீரேற்று நிலையங்கள் வழியே மேட்டுக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளில் விடுவது திட்டம். முழுதாகக் கிடைத்தால், பங்கு பிரித்துப் பார்க்கையில் ஒரு குளத்துக்குச் சராசரியாக 4 கோடி லிட்டர். கசிவுநீர்க் குட்டைகளில் கொள்ளும் நீரில் பாதி கீழே இறங்கும் என்பது அரசு அளவுகோல்; அதன்படி 2 கோடி. அது இறங்குவது கருங்கல் பூமிக்குள். 10 மீட்டர் தடிப்புள்ள சிதைந்த பாறை, 1.5 விழுக்காடு கணக்கில், ஹெக்டேருக்கு 15 லட்சம் லிட்டர்தான் பிடிக்கும். அதே தடிப்பு மணலாக இருந்தால் 1 கோடியே 60 லட்சம் பிடித்திருக்கும். பாத்திரம் சின்னது, அடிக்கடி நிரப்பி அடிக்கடி எடுக்க வேண்டிய பாத்திரம். குளத்துக்கு அருகிலுள்ள கிணறுகளை இப்போதே மாதம் ஒருமுறை அளக்கத் தொடங்கினால், எந்தக் குளம் ஊறுகிறது, எது வண்டல் படிந்து வெறுமனே ஆவியாகிறது என்று சில ஆண்டுகளில் பட்டியல் போட்டுவிடலாம். தூர்வாரும் பணத்தை எந்தக் குளத்துக்கு முதலில் செலவிடுவது என்ற வழக்கு அங்கே தீரும்.

இன்னொரு வழக்கும் உண்டு. மேட்டில் தடுத்த நீர் பள்ளத்து ஏரிக்கு வராது. ஒரே ஓடையில் ஐந்து தடுப்பணை கட்டி, ஒவ்வொன்றும் இத்தனை கோடி லிட்டரைச் செறிவூட்டியது என்று தனித்தனியே அறிக்கை எழுதினால், கூட்டுத்தொகை அந்த ஓடையில் ஓடிய நீரையே தாண்டிவிடும். கடலுக்கு வீணாகப் போகும் நீர் என்று சொல்வதிலும் ஒரு பகுதி கடலோர மணலில் உப்பைத் தள்ளி நிறுத்தும் வேலை செய்கிறது. வடிநிலம் முழுவதையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதினால்தான் ஒருவர் வரவு இன்னொருவர் இழப்பா என்பது தெரியும்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். 2019 ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து நின்றது. சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் அப்போது வறண்டு வெடித்துக் கிடந்தன. அந்த ரயிலில் வந்த தண்ணீர், சேதாரம் போக மேலே சொன்ன அளவு மொட்டைமாடிகள் இருபத்திரண்டு, இருபத்துமூன்றில் ஓராண்டு கிடைக்கும் மழைக்குச் சமம்.

இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் வீட்டின் பின்கட்டில் இன்னும் ஒரு பழைய கிணறு இருக்கும்; கம்பி வலை போட்டு, மேலே செடித்தொட்டி வைத்திருப்பார்கள். தொட்டியை நகர்த்திவிட்டு, விளிம்பில் ஒரு புள்ளியில் பெயின்ட் வைத்து, புரட்டாசி முடிவில் ஒருமுறையும் மார்கழி முடிவில் ஒருமுறையும் நாடாவை இறக்கிப் பார்க்கலாம். காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால். ஏறியது 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், திருவான்மியூர் மணலில் அது 320 மில்லிமீட்டர் தண்ணீர். ஆதம்பாக்கத்துக் கருங்கல்லில் 30, மிஞ்சிப்போனால் 60. எந்த எண் வந்தாலும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அடுத்த புரட்டாசியில் அதே புள்ளியிலிருந்து மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.